பத்து மாதம் ஆண்ட ராஜா தேசிங்கு

காஞ்சிபுரத்தில் வேலூர் பஸ் ஏறுகிறவர்களுக்கு இந்த வழி நன்றாகத் தெரியும். முதலில் காவேரிப்பாக்கம். பிறகு வாலாஜாப்பேட்டை. அதை அடுத்து ராணிப்பேட்டை. பாலாற்றுக்கு அக்கரையில் ஆர்க்காடு.

ராணிப்பேட்டை என்றதும் பலருக்குத் தோல் தொழிற்சாலைகள் ஞாபகம் வரும். 2019 முதல் அது ஒரு மாவட்டத்தின் தலைநகரம். ஆனால் அந்த ஊரின் பெயரில் இருக்கிற ராணி யார் என்று கேட்டால், பஸ்ஸில் இருப்பவர்களில் பாதிப் பேர் விழிப்பார்கள்.

அவள் பெயர் ராணிபாய். ஆர்க்காட்டு நவாபின் ராணி அல்ல. நவாபை எதிர்த்துச் சண்டை போட்டு உயிர்விட்ட ஒரு வாலிபனின் மனைவி. ஜெயித்த நவாப், தோற்றவனுடைய மனைவியின் நினைவாக ஓர் ஊரை உண்டாக்கி அதற்கு ராணியின் பெயரை வைத்தார். அந்த வாலிபன்தான் ராஜா தேசிங்கு. சாகும்போது அவனுக்கு வயது 22. அவன் செஞ்சிக் கோட்டையை ஆண்டது பத்தே மாதம்.

பாட்டிலும் கூத்திலும் அவன் நம் வீட்டுப் பிள்ளை மாதிரி. ஆகவே நாமும் அவனை "அவன்" என்றே எழுதுகிறோம். ராஜாவை மரியாதைக் குறைவாகச் சொல்லிவிட்டதாக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வடக்கே இருந்து வந்த குடும்பம்

தேசிங்கு தமிழன் அல்ல. தேஜ் சிங் என்பது அவனுடைய சொந்தப் பெயர். நம் ஜனங்களின் வாயில் அது தேசிங்கு ஆயிற்று. அவன் புந்தேலா ராஜபுத்திர வம்சம். அந்த வம்சத்தாரின் சொந்த நாடு மத்திய இந்தியாவில் உள்ள புந்தேல்கண்டு.

அங்கே பிறந்த குலம் செஞ்சிக்கு வந்த காரணம் இதுதான். செஞ்சிக் கோட்டையை 1677-ல் சிவாஜி பிடித்தார். பின்னால் அவருடைய மகன் ராஜாராம் அங்கே வந்து தங்கினார். டில்லி பாதுஷா ஔரங்கசீப் விடவில்லை. அவருடைய தளபதி சுல்பிகர்கான் 1690-ல் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை விழுந்தது 1698-ல். எட்டு வருஷம்! மூன்று மலைகளையும் அவற்றைச் சுற்றிய மதில்களையும் பார்த்தவர்களுக்கு, ஏன் அத்தனை வருஷம் ஆயிற்று என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

கோட்டையைக் காக்க நம்பிக்கையான ஆள் வேண்டுமே. 1700-ல் சொரூப் சிங் என்ற புந்தேலா தலைவரை ஔரங்கசீப் செஞ்சிக்குக் கில்லேதாராக நியமித்தார். கில்லேதார் என்றால் கோட்டைக்கு அதிகாரி. கூடவே ஜாகீரும் கொடுத்தார். இந்தச் சொரூப் சிங்தான் தேசிங்கின் தகப்பனார்.

சொரூப் சிங் லேசான மனிதர் அல்ல. கடலூரில் இங்கிலீஷ் கம்பெனிக்காரர்கள் செயிண்ட் டேவிட் கோட்டையில் இருந்தார்கள். அவர்களோடு மனஸ்தாபம் முற்றிச் சண்டையே நடந்தது. 1712-ல்தான் சமாதானம் ஆயிற்று.

இதற்கிடையில் 1707-ல் ஔரங்கசீப் இறந்தார். டில்லியில் சிம்மாசனச் சண்டை. ஒரு பாதுஷா போய் இன்னொரு பாதுஷா வந்தார். தெற்கே ஆர்க்காட்டில் 1710-ல் சாதத்துல்லாகான் நவாப் ஆனார். கெட்டிக்கார நிர்வாகி. கர்நாடக தேசத்தில் வசூலாக வேண்டிய பணத்துக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. செஞ்சியிலிருந்து வர வேண்டிய பணமும் அவர் கணக்கில்தான் இருந்தது. ஆனால் அது பல வருஷமாக ஒழுங்காக வரவில்லை.

இந்த நிலையில்தான் சொரூப் சிங் காலமானார். பாக்கி அப்படியே நின்றது. மகன் வந்து கோட்டையில் உட்கார்ந்தான். அது 1714-ம் வருஷத்தின் தொடக்கம்.

தகராறு என்ன?

நவாபின் கட்சி ஒன்று. தேசிங்கின் கட்சி ஒன்று.

நவாப் சொன்ன நியாயம்: கில்லேதார் பதவி தகப்பனுக்குப் பாதுஷா கொடுத்த உத்தியோகம். தகப்பன் இறந்ததும் மகனுக்குத் தானாக வந்துவிடாது. டில்லியிலிருந்து புதிய உத்தரவு வேண்டும். பழைய பாக்கியும் கட்ட வேண்டும்.

தேசிங்கின் நியாயம்: இந்தக் கோட்டையும் ஜாகீரும் பாதுஷா என் தகப்பனாருக்குக் கொடுத்தவை. இடையில் நவாப் யார்?

உள்ளதைச் சொன்னால், காகிதத்தை வைத்துப் பார்க்கும்போது நவாபின் பக்கம்தான் பலமாக இருக்கிறது. சரித்திரக்காரர்களும் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த சி.எஸ். ஸ்ரீனிவாசாச்சாரியார் 1943-ல் செஞ்சியின் வரலாற்றைப் பெரிய புத்தகமாக எழுதினார். அதைப் படித்தால் தேசிங்கு ஒரு தைரியசாலி, ஆனால் அவசரக்காரன் என்ற எண்ணம்தான் வருகிறது.

ஆனால் அந்தக் காலத்தில் வயல்காட்டில் நின்றவன் காகிதத்தைப் பார்க்கவில்லை. அவன் வீட்டு வாசலுக்கும் வரி கேட்டு ஆள் வந்துகொண்டுதான் இருந்தான். அவனால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. செஞ்சியில் ஒரு இளைஞன் முடியாது என்று சொன்னான். சேதி ஊர் ஊராகப் பரவாமல் என்ன செய்யும்?

பாட்டில் வளர்ந்த பிள்ளை

இனி பாட்டைக் கேட்போம். பாட்டில் தேசிங்கு செஞ்சி மண்ணிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை போலத்தான் தோன்றுவான்.

டில்லி பாதுஷாவிடம் ஒரு குதிரை இருந்ததாம். தேவலோகத்துக் குதிரை. யாராலும் அதன்மேல் ஏற முடியவில்லை. ஏறப் போனவர்களுக்கெல்லாம் அவமானம்தான் மிச்சம். சிறு பிள்ளையான தேசிங்கு டில்லிக்குப் போகிறான். ரங்கநாதரை நினைத்துக்கொண்டு குதிரைமேல் தாவுகிறான். குதிரை அடங்குகிறது. பாதுஷா மெச்சி அதை அவனுக்கே கொடுத்துவிடுகிறார். அதற்குப் பெயர் பாராசாரி. ராணிபாயை மணம் முடித்துக்கொண்டு, குதிரையோடு அவன் செஞ்சிக்குத் திரும்புகிறான்.

கல்யாணம் ஆயிற்றே தவிர, பெண்ணின் முகத்தை அவன் பார்க்கவில்லை. குறிப்பிட்ட காலம் வரை பார்க்கக்கூடாது என்று ஜோசியம். போருக்குப் புறப்படும் நேரத்தில்கூட நடுவே திரை போட்டு, திரைக்கு இந்தப் பக்கம் நின்றுதான் விடைபெறுகிறான். இந்த இடத்தில் கூத்துப் பார்க்கிற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இது நடந்ததா நடக்கவில்லையா என்று அப்போது யாரும் கேட்பதில்லை.

செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம் என்ற ஊர். அங்கே குன்றைக் குடைந்து செய்த கோயிலில், பாறையிலேயே வடித்த ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். குன்றைக் குடைந்து கோயில் செய்வது நம் காஞ்சிப் பல்லவர்கள் காட்டிய வேலை. ரங்கநாதர்தான் தேசிங்கின் குலதெய்வம் போல. போருக்குப் போகும் முன் உத்தரவு கேட்க வந்தானாம். போகாதே என்பதற்கு அடையாளமாக சுவாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அவன் நிற்கவில்லை. சுவாமியின் முகம் திரும்பியிருப்பதை இன்றைக்கும் அங்கே போகிறவர்களுக்குக் காட்டுகிறார்கள்.

மணப்பந்தலில் இருந்து வந்த நண்பன்

தேசிங்கின் கதையில் பாதி அவனுடையது. மீதிப் பாதி அவன் நண்பனுடையது. நண்பனின் பெயர் மகமத்துகான். முஸ்லிம். புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கிற வழுதாவூர் அவனுடைய ஊர். அவனுடைய குதிரை நீலவேணி.

நவாபின் சைனியம் வந்துவிட்டது என்ற ஓலை போனபோது மகமத்துகானுக்கு அங்கே கல்யாணம் நடந்துகொண்டிருந்தது என்கிறது பாட்டு. மாலையும் கழுத்துமாக இருந்தவன் எழுந்துவிட்டான். பெண்ணை விட்டான், பந்தலை விட்டான், விருந்தை விட்டான். நீலவேணிமேல் ஏறினான். ஒருவன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல் வருகிறான். இன்னொருவன் தாலி கட்டுவதை விட்டு வருகிறான். பாட்டுக் கட்டியவர் யாரோ, பெரிய கைதேர்ந்த ஆசாமி.

கல்யாணப் பந்தல் நடந்ததோ இல்லையோ, நண்பன் நிஜம். மகபத்கான் என்று சரித்திரத்திலும் அவன் பெயர் இருக்கிறது. தேசிங்கின் பக்கத்தில் நின்று சண்டை போட்டு அதே போரில் இறந்தான் என்பதும் சரித்திரத்தில் இருக்கிறது.

எதிர்ப்பக்கத்தில் நவாப் முஸ்லிம். ஆனால் அவருடைய முக்கிய அதிகாரி ஓர் இந்து. அவரைப் பற்றிப் பிறகு சொல்லுகிறோம். ஆக, இதை இரண்டு மதங்களின் சண்டை என்று சொல்ல யாருக்கும் வழியே இல்லை. கோட்டைக்கும் பணத்துக்கும் மானத்துக்கும் நடந்த சண்டை.

அக்டோபர் 3

1714-ம் வருஷம் அக்டோபர் 3. மழைக்காலம். செஞ்சிக்குப் பக்கத்தில் ஓடுகிற சங்கராபரணி ஆற்றில் வெள்ளம். சில பேர் அதை வராகநதி என்பார்கள்.

நவாபின் சேனையில் பல ஆயிரம் பேர். தேசிங்கிடம் இருந்த குதிரைவீரர்கள் சுமார் 350 பேர். கோட்டைக்குள் இருந்துகொண்டு கதவைச் சாத்தியிருந்தால், நவாப் எத்தனை மாதம் வெளியே காத்திருந்திருக்க வேண்டுமோ! எட்டு வருஷம் பாதுஷாவின் படையைத் தடுத்து நிறுத்திய கோட்டை அல்லவா? ஆனால் தேசிங்கு வெளியே வந்தான். வெள்ளத்தில் குதிரையை இறக்கினான். அவனோடு அக்கரை சேர்ந்தவர்கள் கொஞ்சப் பேர்தான்.

தேவனூர், கடலி என்ற ஊர்களின் பக்கத்தில் போர் நடந்தது. தேசிங்கு யானைகளை நோக்கிக் குதிரையைச் செலுத்தினான். எதிரிகளின் தலைவர்களைத் தேடித் தேடித் தாக்கினான். மகமத்துகான் விழுந்தான். தேசிங்கின் குதிரை விழுந்தது. கடைசியில் குண்டு பட்டு தேசிங்கும் விழுந்தான். அத்தோடு போர் முடிந்தது.

பாட்டுக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. எவனோ ஒரு சிப்பாயின் குண்டுக்கு எங்கள் ராஜா விழுவதா? ஆகவே பாட்டில் வேறு விதமாக வரும். நண்பன் போனான், குதிரை போயிற்று, இனி எதற்கு இந்த உயிர் என்று தேசிங்கு தன் கத்தியை ஆகாயத்தில் வீசி எறிகிறான். தரையில் படுத்து, திரும்பி வருகிற கத்தியைத் தன் மார்பிலே வாங்கிக்கொள்கிறான்.

கடலியில் மகமத்துகானின் சமாதி என்று ஓர் இடத்தை ஊரார் காட்டுகிறார்கள். குதிரையின் சமாதியையும் காட்டுகிறார்கள். நம் நாட்டில் குதிரைக்குச் சமாதி அபூர்வம்.

ராணிபாய்

நவாப் சாதத்துல்லாகான் தேசிங்கின் உடலை அவமதிக்கவில்லை. மரியாதையோடு செஞ்சிக்கு எடுத்துவரச் செய்தார். செட்டிக்குளத்தின் கரையில் சிதை அடுக்கினார்கள். ராணிபாய் உடன்கட்டை ஏறினாள்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. முகம் தெரியாத புருஷனுக்காக ஓர் இளம்பெண் தீயில் இறங்கினாள் என்று பாட்டு புகழ்கிறது. அந்தக் காலத்தில் அது புகழ். வங்காளத்தில் 1829-லும், சென்னை மாகாணத்தில் 1830-லும் சட்டம் போட்டுத்தான் அந்தக் கொடுமையை நிறுத்தினார்கள். அவளுக்கு ஒரு வாய்ப்பு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ, அதைப் பாட்டும் சொல்லவில்லை, சரித்திரமும் சொல்லவில்லை.

நவாபின் மனம் கலங்கியது என்கிறார்கள். ஆர்க்காட்டுக்கு எதிரே, பாலாற்றின் வடகரையில் புதிதாக ஓர் ஊர் எழுந்தது. ராணியின் பெயரால் ராணிப்பேட்டை. நவாப் சாதத்துல்லாகான் அதற்குப் பிறகும் நெடுநாள் ஆண்டு 1732-ல் காலமானார். அவர் கட்டிய கணக்கும் வசூலித்த வரியும் இன்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அந்த ஊர் இருக்கிறது.

நம் வரதர் கோயிலில் இருக்கும் வில்லன்

இப்போது அந்த அதிகாரியிடம் வருவோம். அவர் பெயர் தோடர்மல். லாலா தோடர்மல் என்று சொல்லுவார்கள். அக்பர் சக்கரவர்த்தியின் மந்திரியான தோடர்மல் வேறு. அவர் இவருக்கு நூறு வருஷத்துக்கும் முந்தியவர். இவர் சாதத்துல்லாகானின் அதிகாரி.

தேசிங்கின் கதையில் பணம் கேட்டுச் செஞ்சிக்குத் தூது போகிறவர் இவர். போரிலும் இவர் நவாபின் பக்கம். கூத்தில் இவர் மேடைக்கு வந்தால் பிள்ளைகள் கைகொட்டிச் சிரிப்பார்கள். தேசிங்கிடம் மூக்கறுபட்டுத் திரும்புகிறவர் அல்லவா!

ஆனால் காஞ்சிபுரத்துக்காரர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரிக்க வேண்டும். 1688-ல் மொகலாயப் படை வருகிறது என்ற பயத்தில் நம் ஊர்க் கோயில்களின் உற்சவ மூர்த்திகளை வெளியூருக்கு எடுத்துப் போனார்கள். பிணத்தைத் தூக்கிப் போவது போல வேஷம் போட்டு எடுத்துப் போனதாகச் சொல்லுவார்கள். பங்காரு காமாட்சி தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டாள். வரதராஜப் பெருமாள் உடையார்பாளையத்துக் காட்டில் இருந்தார். அது இன்றைய அரியலூர் மாவட்டம்.

பயம் தெளிந்த பிறகு திரும்பக் கேட்டார்கள். உடையார்பாளையத்து ஜமீன்தாருக்குப் பெருமாளை விட மனம் வரவில்லை. ஆத்தான் ஜீயர் என்ற பெரியவர் யார் யாரையோ கேட்டுப் பார்த்தார். கடைசியில் தோடர்மல்லிடம் போனார். தோடர்மல் படையோடு போய்ப் பெருமாளை மீட்டுக்கொண்டு வந்து காஞ்சியில் சேர்த்தார். இது நடந்தது 1710-ல். இருபத்திரண்டு வருஷம் கழித்து வரதர் வீடு திரும்பினார். அந்தச் சேதியைச் சொல்லும் கல்வெட்டு வரதராஜப் பெருமாள் கோயிலில் இருக்கிறது. தோடர்மல்லின் சிலையும் இருக்கிறது.

நாலு வருஷம் கழித்து அதே மனிதர் செஞ்சிப் போரில் தேசிங்குக்கு எதிராக நின்றார். செஞ்சிப் பக்கம் அவரைப் பற்றிப் பேசிப் பாருங்கள். பிறகு சின்னக் காஞ்சிபுரத்துக்கு வந்து பேசிப் பாருங்கள். இரண்டு தோடர்மல் இருந்தார்களோ என்று சந்தேகம் வரும்.

பெரிய எழுத்தில்

தேசிங்கின் கதை இத்தனை நாள் எப்படி நின்றது? முதலில் வாய்ப்பாட்டாக நின்றது. ஊர் ஊராகப் போன பாடகர்கள் ராத்திரி முழுக்கப் பாடினார்கள். பிறகு கூத்து ஆயிற்று. அச்சுக்கூடம் வந்ததும் சென்னையில் மலிவுப் புத்தகமாக வந்தது. நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை இவற்றோடு திருவிழாக் கடைகளில் தேசிங்கு ராஜன் கதையும் இருக்கும். அட்டையில் "பெரிய எழுத்து" என்று போட்டிருக்கும். அப்போதுதான் எழுத்துக் கூட்டக் கற்றவர்களும், கண் மங்கிய கிழவர்களும் படிக்க வேண்டும் என்றே அப்படி அச்சடித்தார்கள். திண்ணையில் ஒருவர் ராகம் போட்டுப் படிப்பார். பத்துப் பேர் கேட்பார்கள். பள்ளிக்கூடம் போகாமல் இந்தப் புத்தகங்களாலேயே படிக்கக் கற்றவர்கள் உண்டு.

பிறகு சினிமா. 1936-ல் ஒரு படம் வந்தது. 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்து ராஜா தேசிங்கு வந்தது.

ஆச்சரியம் என்னவென்றால், ஏறக்குறைய அதே வருஷங்களில் ஐரோப்பாவில் இன்னொரு தேசிங்கு இருந்தான். ஸ்லோவாக்கியா என்ற மலைநாட்டில் தெர்ஹோவா என்ற கிராமம். அங்கே 1688-ல் பிறந்தவன் யூராய் யானோஷிக். வரதர் காஞ்சியை விட்டுப் போன அதே வருஷம்! அவன் ராஜா அல்ல, குடியானவன் வீட்டுப் பையன். சிப்பாயாக இருந்தான். பிறகு காட்டில் கொள்ளைக்கூட்டத் தலைவன் ஆனான். 1713 மார்ச்சில் பிடித்துத் தூக்கிலிட்டார்கள். வயது 25. கோர்ட்டுக் காகிதத்தில் அவன் வழிப்பறிக்காரன். ஸ்லோவாக் ஜனங்களின் பாட்டில் பணக்காரனிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுத்த வள்ளல். அவனை மரத்தில் செதுக்கினார்கள். கண்ணாடியில் படம் எழுதி வீட்டில் மாட்டினார்கள். ஸ்லோவாக்கியரின் முதல் முழுநீள சினிமாப் படமே 1921-ல் வந்த யானோஷிக்தான். அந்தக் கிராமத்து வாத்திய சங்கீதத்தை 2013-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

செஞ்சிக்கும் அந்தப் பெருமை வந்திருக்கிறது. மராத்தியர் கோட்டைகள் 12-ஐ 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். ஆனால் அந்தப் பெருமை சிவாஜியின் பெயரால் வந்தது. தேசிங்கு அதில் இல்லை. செஞ்சி பஸ் நிலையத்தில் இறங்கி ஒரு ஆட்டோக்காரரிடம் சிவாஜி கோட்டை என்று கேட்டுப் பாருங்கள். தேசிங்கு ராஜா கோட்டையா என்று திருப்பிக் கேட்பார்.

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி வழியாகச் செஞ்சிக்குப் போகலாம். காலையில் வெயில் ஏறும் முன் ராஜகிரி ஏறிவிடுவது நல்லது. சுமார் 800 அடி உயரம். கையில் தண்ணீர் வேண்டும். குரங்குகள் அதிகம், பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இறங்கி வந்த பிறகு செட்டிக்குளத்துப் படியில் சற்று உட்காரலாம். தேசிங்கை எரித்த இடம் என்று கரையில் ஒரு மேடையைக் காட்டுவார்கள். பெயர்ப்பலகையைத் தேட வேண்டாம். மாடு மேய்க்கிற பையனைக் கேட்டால் போதும், கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவான்.